பருந்தும் நாய்க்குட்டியும்

புனே நகரத்தில் விஷ்ராந்த்வாடி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆளந்திக்குப் போகும் சாலையில் உள்ளது. 'விஷ்ராந்தி' என்றால் மராட்டியில் ஓய்வு. இன்று அங்கே ஓய்வு ஏது? பஸ், லாரி, ஆட்டோ, கடை, மாடி வீடு. எப்போதும் இரைச்சல்தான். பக்கத்தில் லோஹகாவ் விமான நிலையம். தலைக்கு மேலே விமானம் பறக்கும். அதற்குக் கீழே பருந்து பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள். இறைச்சிக் கடையில் கூட்டம். சில வீட்டு வாசலில் மீன் கழுவுகிறார்கள். செதிலும் குடலும் ஓரமாகக் கிடக்கின்றன. கொஞ்ச நேரத்தில் காக்கை வரும். அடுத்துப் பருந்து வரும். வட்டம் போடும். வட்டம் சிறிதாகும். 'சர்'ரென்று இறங்கும். தரையில் கால் வைக்காது. போகிற போக்கில் குடலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடும்.

அதே வாசலில் ஒரு சின்ன நாய் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை நாய். சடை நாய். பிள்ளைகள் செல்லமாக வளர்ப்பது.

"ஐயோ, பருந்து நாயைத் தூக்கிட்டுப் போயிடும். உள்ளே கொண்டாடா" என்று பாட்டி சத்தம் போடுகிறார்.

"போ பாட்டி. இது என்ன கோழிக்குஞ்சா தூக்கிட்டுப் போக?" என்று பேரன் சிரிக்கிறான்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

எடை போட்டுப் பார்ப்போம்

ஊருக்குள் நாம் அதிகம் பார்ப்பது கரும்பழுப்பு நிறப் பருந்து. அதன் வாலைக் கவனியுங்கள். வாலின் நுனி நடுவில் உள்வாங்கி இருக்கும். மீன் வால் மாதிரி. இதைத் தமிழில் கள்ளப் பருந்து என்பார்கள். கண் அசந்தால் திருடும் என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். மராட்டியில் இதற்குப் பெயர் 'கார்'. (ஓட்டுகிற கார் இல்லை!)

பருந்து சிறகை விரித்தால் ஐந்து அடி வரை இருக்கும். கீழே இருந்து பார்த்தால் பெரிய பறவையாகத் தெரியும். ஆனால் தராசில் வைத்தால்? முக்கால் கிலோ இருக்கும். ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. ஒரு கோழியின் எடை கூட இல்லை. பார்ப்பதற்குத்தான் அத்தனை பெரிது. உள்ளே இருப்பது சின்ன உடம்பு.

பறவை ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும் என்றால், தன் எடையில் பாதிக்கு மேல் போனாலே திணறிவிடும். ஆகவே பருந்தால் தூக்க முடிந்தது கால் கிலோ, அதிகம் போனால் அரைக் கிலோ.

இப்போது நாயை எடை போடுங்கள். வீட்டில் வளர்க்கும் நாய்களில் மிகச் சிறியது சிவாவா. வளர்ந்த சிவாவா இரண்டு, மூன்று கிலோ இருக்கும். 'பக்' என்ற சப்பை மூக்கு நாய் ஆறு முதல் எட்டு கிலோ. பொமரேனியன் என்று நாம் சொல்லும் சடை நாயும் பருந்தைவிடப் பல மடங்கு கனம். இவற்றைப் பருந்தால் தூக்கவே முடியாது. பேரன் சொன்னது சரி.

ஆனால் செல்போனில் வீடியோ வருகிறதே? கழுகு ஒரு குழந்தையையே தூக்குகிறதே? அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது 2012ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. கனடா நாட்டில் மொன்றியல் நகரத்து மாணவர்கள் கம்ப்யூட்டரில் செய்தது. கழுகும் பொய். தூக்கிய காட்சியும் பொய். 'நாங்கள்தான் செய்தோம்' என்று அவர்கள் படித்த கல்லூரியே சொல்லிவிட்டது. உண்மை தெரிந்த பிறகும் அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றுகிறது. பயத்துக்குக் கால் அதிகம்.

அப்படியானால் பாட்டி சொன்னதில் உண்மை எது? தூக்க முடியாது என்றால் காயம் செய்ய முடியாது என்று அர்த்தம் இல்லை. பருந்தின் கால் நகம் கொக்கி போல் வளைந்தது. நாய் வாயில் எலும்பைக் கவ்விக்கொண்டு முற்றத்தில் நிற்கிறது. பருந்து எலும்பைக் குறி வைத்து இறங்குகிறது. நகம் நாயின் முகத்தில் படும். கண்ணில் பட்டால் கண் போகும். பருந்துக்கு நாய் வேண்டாம். எலும்புதான் வேண்டும். நாய் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து பிறந்த குட்டிக்கு. நாய்க்குட்டி பிறக்கும்போது முந்நூறு, நானூறு கிராம்தான் இருக்கும். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை தவழும், முனகும். தாய் இரை தேடப் போன நேரத்தில் குட்டி வெளியே தவழ்ந்து வந்தால், பருந்து மட்டும் அல்ல, காக்கையும் விடாது. தெருநாயின் குட்டிகள் பல இப்படி அடிபடுகின்றன. கோழிக்குஞ்சுக்கும் இதே கதை. பிறந்த குஞ்சு நாற்பது கிராம் கூட இருக்காது. பருந்துக்கு அது ஒரு வாய்.

வேறு பறவைகளும் உண்டு. வல்லூறு என்பது புறா அளவுதான். ஓணான், எலி, குருவி, கோழிக்குஞ்சு பிடிக்கும். நாயின் பக்கம் வராது. கருடன் என்று நாம் கும்பிடுகிறோமே, வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடம்பு, அதற்கு மீனும் நண்டும் போதும். அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதன் உறவுக்காரப் பருந்தைக் கண்டால் கல்லை எடுக்கிறோம்!

இரவில் வருவது கொம்பன் ஆந்தை. தலையில் இரண்டு கொம்பு போல இறகு நிற்கும். புனேயைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில் இது வாழ்கிறது. பருந்தைவிடக் கனமானது. இரண்டு கிலோ வரை போகும். ஆனால் இதன் முக்கிய உணவு எலி. எலியைத் தின்பதால் விவசாயிக்கு இது நண்பன். புனேயில் டாக்டர் சதீஷ் பாண்டே என்பவர் பறவை ஆராய்ச்சி செய்கிறார். அவர் நிறுவிய இலா அறக்கட்டளை 2018இல் பிங்கோரி கிராமத்தில் ஆந்தைக்கு ஒரு திருவிழாவே நடத்தியது. ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நம்பும் நாட்டில் ஆந்தைக்குத் திருவிழா! பள்ளிப் பிள்ளைகள் ஆந்தைப் படம் வரைந்தார்கள். குன்றுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், இருட்டிய பிறகு சின்னக் குட்டியை வெளியே விடாதீர்கள். ஆந்தையால் ஆபத்து குறைவு. இரவில் சுற்றும் பெரிய நாய்களால் ஆபத்து அதிகம்.

பருந்து எதற்கு வருகிறது?

பருந்து காட்டை விட்டு ஊருக்குள் வந்தது நம்மால்தான். நாம் போடும் கழிவுதான் அதற்குச் சாப்பாடு. மீன் குடல், கோழித் தோல், செத்த எலி, அழுகிய மிச்சம். டெல்லியில் ஆராய்ச்சியாளர்கள் பருந்துக் கூடுகளைப் பல ஆண்டுகள் எண்ணினார்கள். குப்பை அதிகம் கிடக்கும் இடங்களிலும், மக்கள் புண்ணியம் என்று இறைச்சித் துண்டை வானத்தில் எறியும் இடங்களிலும் கூடுகள் நெருக்கமாக இருந்தன. இரை எங்கேயோ, கூடு அங்கே.

விஷ்ராந்த்வாடியில் இது நாய்க்குட்டிப் பிரச்சினை மட்டும் அல்ல. பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது என்று சொன்னோம். அதே ஓடுதளத்தை விமானப் படையும் பயன்படுத்துகிறது. பறக்கும் விமானத்தின் இயந்திரத்துக்குள் ஒரு பருந்து போனால் என்ன ஆகும்? உள்ளே வேகமாகச் சுற்றும் தகடுகள் உடையலாம். இயந்திரம் நின்று போகலாம். நூறு, நூற்றைம்பது உயிர் உள்ளே இருக்கிறது. அதனால்தான் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆம் விதி ஒரு தடை சொல்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கும் குப்பையைப் போடக் கூடாது. பிராணிகளை அறுக்கவும் கூடாது. விஷ்ராந்த்வாடி அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வாசலில் எறியும் மீன் குடலுக்கும் வானத்தில் போகும் விமானத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு.

புனேயில் வீடு வீடாக வந்து குப்பை வாங்குகிறார்களே, அந்தப் பெண்களைத் தெரியும் அல்லவா? அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் 'ஸ்வச்'. முன்பு அவர்கள் தெருத் தெருவாகக் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள். நாய் கடிக்கும். போலீஸ் விரட்டும். திருடி என்று பேசுவார்கள். 1993இல் அவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இன்று அடையாள அட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். ஈரக் குப்பை தனி, உலர்ந்த குப்பை தனி என்று கேட்கிறார்கள். பருந்தைத் தடுக்க விஷ்ராந்த்வாடியில் இவர்களைவிடப் பெரிய காவல் இல்லை. மீன் குடலை மூடிய டப்பாவில் போட்டு அவர்கள் கையில் கொடுத்தால், பருந்துக்கு அந்த வாசலில் வேலை இல்லை.

ஒரு வீடு மட்டும் மூடி வைத்தால் போதாது. பக்கத்து வீட்டு வாசலில் கிடந்தால் பருந்து அதே தெருவில்தான் சுற்றும். கோழிக் கடைக்காரர் கழிவை மூட்டையாகக் கட்டி ஆற்றோரம் போட்டால், அதைச் சுற்றியும் பருந்துதான், நாய்தான். தெருவில் நாலு பேர் சேர்ந்து கடைக்காரரிடம் பேசலாம். அப்போதும் கேட்கவில்லை என்றால் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். எரவாடா, களஸ், தானோரி ஆகியவற்றின் பெயரில் உள்ள வார்டு அலுவலகம்தான் இந்தப் பகுதிக்கு உரியது. எழுதக் கற்றுக்கொண்ட கைக்கு இது நல்ல வேலை. தேதி போடுங்கள். இடத்தைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. கோழிக்குஞ்சைப் பஞ்சாரம் போட்டு மூடி வைப்பார்கள். மூங்கிலில் பின்னிய பெரிய கூடை. காற்று போகும், வெளிச்சம் போகும், பருந்து போகாது. இதைவிடச் சிறந்த கருவியை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை. நாய்க்குட்டிக்கும் இதே வழிதான். மேலே மறைப்பு வேண்டும்.

குட்டி போட்ட நாயைத் திண்ணை ஓரத்தில், படிக்கட்டுக்கு அடியில், பழைய கட்டிலுக்குக் கீழே படுக்க வைக்கலாம். பழைய சாக்கை விரித்துவிடுங்கள். முன்னால் இரண்டு செங்கல் வைத்தால் கண் திறக்காத குட்டி வெளியே தவழாது. தாய் தாண்டிப் போய் வரும். தெருநாய் குட்டி போட்டிருந்தாலும் இதைச் செய்யலாம். பணம் செலவில்லை. ஆனால் தாய் நாயின் கண் முன்னே குட்டியைத் தொடாதீர்கள். கடித்துவிடும். அது சாப்பிடப் போன நேரத்தில் செய்யுங்கள்.

மொட்டை மாடியில் நாயை விட்டு வளர்ப்பவர்கள் உண்டு. மாடிதான் பருந்துக்கு வசதி. தடுக்க மரம் இல்லை, கம்பி இல்லை. அங்கே ஒரு மூலையில் தகரமோ தென்னங்கீற்றோ போட்டு ஒரு சின்னப் பந்தல் போடுங்கள். நாய் பயந்தால் ஓடி ஒளிய இடம் வேண்டும். துணி காயப் போடும் கொடிக் கயிற்றை நெருக்கமாகக் கட்டினாலும் பருந்து இறங்கத் தயங்கும். சிறகு மாட்டும் என்று அதற்குத் தெரியும். கயிறு தடிமனாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் நூலைக் கட்டாதீர்கள். அது பறவையின் சிறகை அறுத்துவிடும்.

வலை கட்டுவதானால் இழுத்துக் கட்டுங்கள். தொய்வாகத் தொங்கும் மீன் வலையில் பருந்து மட்டும் அல்ல, கிளி, மைனா, ஆந்தை எல்லாம் மாட்டிச் சாகும். இழுத்துக் கட்டிய கெட்டி வலையில் மோதினால் பறவை திரும்பிப் போய்விடும்.

சிலர் பளபளக்கும் சி.டி. தட்டைத் தொங்கவிடுகிறார்கள். பொம்மை வைக்கிறார்கள். இரண்டு நாள் பருந்து வராது. மூன்றாம் நாள் பார்க்கும். அடுத்த வாரம் அந்தப் பொம்மையின் தலை மேலேயே உட்காரும். பருந்து முட்டாள் இல்லை. அமெரிக்காவில் பெரிய கழுகும் பெரிய ஆந்தையும் இருக்கும் இடங்களில், சின்ன நாய்க்கு முள் வைத்த சட்டை விற்கிறார்கள். முதுகில் முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். அங்கே அது தேவையாக இருக்கலாம். விஷ்ராந்த்வாடிக்கு அது வெட்டிச் செலவு.

நாய்க்குச் சோறு வைப்பதில்தான் கவனம் வேண்டும். எலும்பையும் இறைச்சியையும் வீட்டுக்குள்ளே வையுங்கள். தின்று முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். வெளியே மிச்சம் இருந்தால் காக்கை வரும், பருந்து வரும், எலியும் வரும். எலி வந்தால் பாம்பு வரும். பருந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பாம்பு வருவது தெரிவதில்லை.

வெளியே நடக்கக் கூட்டிப் போகும்போது கயிறு கையில் இருக்கட்டும். நாலைந்து அடிக் கயிறு போதும். பக்கத்தில் ஆள் நின்றால் பருந்து பெரும்பாலும் நாயிடம் வராது. பிள்ளைகள் கையில் பஜ்ஜி, முட்டை, கறித்துண்டு இருந்தால் வரும்! இறைச்சிக் கடைப் பக்கமாக நாயைக் கூட்டிப் போகாமல் வேறு வழியில் போவது நல்லது.

கூடு கட்டும் காலம்

எந்தத் தீனியும் இல்லை. நாயும் சும்மா நடக்கிறது. ஆனாலும் பருந்து தலையில் அடித்துவிட்டுப் போகிறது. இது ஏன்?

பக்கத்து மரத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். குளிர் குறையும் நேரத்தில் தொடங்கிக் கோடை வரை பருந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். உயரமான மரம், விளக்குக் கோபுரம், செல்போன் கோபுரம், எதுவானாலும் சரி. சுள்ளி, கந்தல் துணி, பிளாஸ்டிக் பை, கம்பி என்று எல்லாம் சேர்த்துக் கட்டும். இரண்டு, மூன்று முட்டை இடும். ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஆறு, ஏழு வாரம் ஆகும். இந்த நாட்களில் யார் கீழே போனாலும் அதற்குப் பகைதான். நாய் என்றால் இன்னும் கோபம். பிள்ளை பெற்ற வீட்டில் அந்நியன் நுழைந்தால் நாம் சும்மா இருப்போமா?

அந்த இரண்டு, மூன்று மாதமும் அந்த மரத்தடியைச் சுற்றிப் போங்கள். வேறு வழியே இல்லை என்றால் குடை பிடித்துப் போங்கள். விரித்த குடையைப் பருந்து தாக்காது. நாயைக் கையில் தூக்கிக்கொள்ளலாம். பருந்து பின்னால் இருந்துதான் வரும். திரும்பிப் பார்த்தபடி நடந்தாலே பாதி தூரம் விட்டுவிடும். மரத்தடியில் ஒரு அட்டையில் 'மேலே பருந்துக் கூடு. கவனம்' என்று தமிழிலும் மராட்டியிலும் எழுதித் தொங்கவிட்டால் தெருவுக்கே உதவி. குஞ்சு பறந்ததும் சண்டை முடிந்துவிடும்.

கூட்டைக் கலைத்தால் என்ன என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்தைப் பாதுகாக்கிறது. கொல்வது மட்டும் குற்றம் இல்லை. பிடிப்பது, வலை வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டை என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. சிறையும் அபராதமும் உண்டு. கூடு ஆபத்தான இடத்தில் இருந்தால் வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.

விஷம் யாரைக் கொல்லும்?

ஒரு கோழிக்குஞ்சு போனால் ஒரு ஏழை வீட்டுக்கு நஷ்டம்தான். செல்ல நாயின் கண் போனால் பிள்ளைகள் அழும். கோபம் வரும். உண்டிவில்லை எடுப்பார்கள். இன்னும் சிலர் இறைச்சியில் விஷம் தடவி வைப்பார்கள்.

அந்த இறைச்சியை முதலில் தின்பது எது? யோசித்துப் பாருங்கள். மேலே பறக்கிற பருந்தா? தரையில் மோப்பம் பிடிக்கும் நாயா? நாய்தான். எந்த நாயைக் காப்பாற்ற விஷம் வைத்தோமோ அதே நாய். அல்லது பக்கத்து வீட்டு நாய். எலி விஷத்திலும் இதே ஆபத்து உண்டு. விஷம் தின்ற எலி தள்ளாடும். அதை ஆந்தையும் பருந்தும் நாயும் எளிதாகப் பிடிக்கும். எலிக்குப் போட்ட விஷம் அவற்றின் வயிற்றுக்குப் போகும்.

பறவை அழிந்தால் என்ன நடக்கும் என்பதை நம் நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. பிணந்தின்னிக் கழுகை ஞாபகம் இருக்கிறதா? முன்பு மாடு செத்து ஊருக்கு வெளியே போட்டால் கழுகுக் கூட்டம் இறங்கும். கொஞ்ச நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். இன்று அந்தக் கழுகைப் பார்க்க முடிகிறதா? 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. யாரும் அதைச் சுடவில்லை. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம். மருந்து ஏற்றிய மாடு செத்தால், அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப் போனது. 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போட இந்திய அரசு தடை விதித்தது. அதற்குள் கழுகுகள் பெரும்பாலும் போய்விட்டன.

கழுகு போனதும் செத்த மாடுகள் அப்படியே அழுகிக் கிடந்தன. தெருநாய்க்கு அது தீனி ஆனது. நாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநோய் பயமும் கூடவே வந்தன. பருந்தும் அதே துப்புரவு வேலையைத்தான் ஊருக்குள் செய்கிறது. செத்த எலியை எடுத்துப் போவது யார்? மாநகராட்சி ஆள் வருவதற்கு முன்னால் பருந்து வந்துவிடுகிறது. சம்பளம் கேட்பதில்லை.

மாஞ்சா நூலும் ஒரு விஷம் மாதிரிதான். தை மாதம் பட்டம் விடும் நாட்களில் கண்ணாடித் தூள் பூசிய நைலான் நூலில் எத்தனையோ பருந்துகள் சிறகு அறுபடுகின்றன. அறுந்த நூல் மரத்தில் தொங்கும். தரையில் கிடந்தால் நாயின் காலைச் சுற்றி அறுக்கும். பைக்கில் போகிறவர் கழுத்தையும் அறுக்கும். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. கடையில் இன்னும் ரகசியமாக விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு சாதாரணப் பருத்தி நூல் வாங்கிக் கொடுங்கள்.

காயம் பட்டால்

நாய்க்கு நகம் பட்டுவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே ஆழமாக இருக்கும். அழுகல் இறைச்சியைப் பிடித்த நகம் அது. ஆகவே சீழ் பிடிக்கும். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் சோப்பு வேண்டாம். கண்ணைத் தேய்க்கவும் வேண்டாம். ஈரத் துணியால் லேசாக மூடி அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். நாய் வலியில் கடிக்கும். உங்கள் சொந்த நாயே கடிக்கும். ஒரு துண்டால் சுற்றித் தூக்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பருந்தால் வெறிநோய் வரும் என்று பயப்பட வேண்டாம். நாய் கடித்தால் அந்தப் பயம் உண்டு. உங்களைக் கடித்துவிட்டால் நீங்களும் டாக்டரைப் பாருங்கள்.

பருந்து அடிபட்டு வாசலில் விழுந்தால்? நாயை முதலில் கட்டிப்போடுங்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகளை விலக்குங்கள். பெரிய துணி ஒன்றை அதன் மேல் போடுங்கள். கண் மறைந்தால் பறவை அடங்கிவிடும். துணியோடு சேர்த்து, கால் நகத்தில் கை படாமல் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்ச் செத்துவிடும். சோறும் கறியும் ஊட்ட வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926. புனேயில் காயம் பட்ட காட்டு உயிர்களுக்கு வைத்தியம் செய்யும் ரெஸ்க்யூ என்ற அறக்கட்டளையும் இருக்கிறது. அவர்களுடைய சிகிச்சை மையம் பாவ்தனில் உள்ளது. ஆள் வரும்வரை பெட்டி நிழலில், சத்தம் இல்லாத இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் கேட்டாலும் மூடியைத் திறந்து திறந்து காட்டாதீர்கள்.